தொட்டால் ஓடும் போர்டு

வீட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் போர்டு கட்டுகிறவர்களிடம் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: “சும்மா விட்டா ஓட மாட்டேங்குது, இந்த இடத்துல விரல வச்சா ஓடுது.” சொல்கிறவர் குரலில் பாதி புகார், பாதி பெருமை இருக்கும். ஏதோ உயிர் வந்துவிட்டது, இனி கொஞ்சம்தான் பாக்கி என்கிற நம்பிக்கை அது. பதிலும் எப்போதும் ஒன்றுதான்: “சால்டரை ஒருமுறை பாருங்க.” அவரும் எல்லா ஈயப் பற்று இணைப்புகளையும் மறுபடி சூடாக்குவார். அந்தச் சூட்டில் நன்றாக இருந்த இரண்டு தாமிரத் தடம் உரிந்து வரும். அதற்கப்புறம் விரல் வைத்தாலும் ஓடாது.

அந்தப் பதில்தான் உறுத்துகிறது. விரல் வைத்ததும் ஓடுகிறது என்பது நல்ல துப்பு. எந்த இடத்தில், என்ன மாதிரி தொட்டதும் ஓடுகிறது என்று கேட்டாலே பழுது எந்த வகை என்று பாதி தெரிந்துவிடும். ஒரு விரல் போர்டைத் தொடும்போது நான்கு வேலை நடக்கிறது. அழுத்துகிறது, தோல் வழியாகச் சில லட்சம் ஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதை தருகிறது, உடம்பு தரையைப் பார்த்துச் சுமார் 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டராக நிற்பதால் அந்தச் சுமையைக் கம்பியில் ஏற்றுகிறது, வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை ஆன்டெனா போலப் பிடித்து ஊற்றுகிறது. நான்கும் நான்கு வேறு நோயைக் குணப்படுத்துகிற மாதிரிக் காட்டும்.

குச்சி முதலில், விரல் பிறகு

முதலில் காய்ந்த மரக்குச்சி ஒன்றை எடுத்து அதே இடத்தை அதே அழுத்தத்தில் அழுத்திப் பாருங்கள். ஓடினால் கோளாறு உடல்ரீதியானது: சரியாக உருகாத சால்டர், சாக்கெட்டுக்குள் போகாமல் ஐசி வயிற்றுக்கு அடியில் மடங்கிக்கொண்ட கால், தளர்ந்துபோன பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் கம்பியைத் துளையில் செருகிக் கட்டும் பலகை) கிளிப். மடங்கிய கால் மேலிருந்து பார்த்தால் கண்ணில் படவே படாது. ஐசியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பிரெட்போர்டு என்றால், தடித்த கம்பியை ஒருமுறை திணித்த துளையில் மெல்லிய கம்பி பிறகு ஆடிக்கொண்டேதான் இருக்கும். நீளப் பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்தடம் நடுவில் அறுந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குச்சிக்கு அசையாமல் விரலுக்கு மட்டும் ஓடுகிறதா, சால்டரிங் அயர்னை அணைத்துவிடலாம். இனி மின்சாரக் கேள்வி. ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டரின் ஒரு காலை 5 வோல்ட்டில் மாட்டி, மீட்டரில் வோல்ட்டைப் பார்த்தபடி மறு காலால் சந்தேகத்துக்குரிய பின்னைத் தொடுங்கள். பிறகு அதே ரெசிஸ்டரைத் தரையில், அதாவது 0 வோல்ட் கம்பியில், மாட்டித் தொடுங்கள். யாராவது ஓட்டுகிற கம்பி, அதாவது ஒரு சிப் 5-இலோ 0-விலோ பிடித்துவைத்திருக்கும் கம்பி என்றால் மீட்டர் அசைந்து கொடுக்காது. 5-க்கும் 0-க்கும் விசுவாசமாகப் போய்வந்தால் அது மிதக்கும் பின். அதை யாரும் ஓட்டவில்லை. மல்டிமீட்டரை வைத்த நொடியில் போர்டு ஓடத் தொடங்குவதும் இதே கதைதான்: மீட்டரின் 10 மெகாஓமே அந்தப் பின்னைத் தரைக்கு இழுக்கப் போதுமானதாக இருக்கிறது. மிதக்கவும் இல்லை, ஆனால் 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை அங்கிருந்து தரைக்குப் போட்டால் ஓடுகிறது என்றால் அது நேரக்கணக்கின் கோளாறு. அதைப் பிறகு பார்ப்போம்.

யாருக்கும் சொந்தமில்லாத பின்கள்

இப்போதும் புதிதாகக் கிடைக்கும் டபிள்யூ65சி02எஸ் ப்ராசஸரை எடுத்துக்கொள்வோம். 40 கால். அட்ரஸ், டேட்டா, மின்சாரம், கிளாக் எல்லாவற்றையும் கவனமாக இணைத்துவிட்டு, “இப்போதைக்குத் தேவையில்லை” என்று விட்டுவைக்கும் பின்களில்தான் வினை. 36-ஆம் பின் பிஈ, அதாவது பஸ்ஸை (அட்ரஸ், டேட்டா கம்பிகளின் கூட்டத்தை) திறந்துவைக்கும் அனுமதி. பழைய 6502-இல் அந்த இடம் காலி. அதனால் பழைய வரைபடத்தைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. அது தாழ்ந்த பக்கம், அதாவது 0 வோல்ட் பக்கம், சாய்ந்தால் ப்ராசஸர் அட்ரஸ், டேட்டா கம்பிகள் எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். 2-ஆம் பின் ஆர்டிஒய் தாழ்ந்தால் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். இதை நேராக 5 வோல்ட்டில் கட்டாமல் 3.3 கிலோஓம் வழியாக இழுக்க வேண்டும். வெயிட் கட்டளை ஓடும்போது ப்ராசஸரே இந்தப் பின்னைக் கீழே இழுக்கும்.

6-ஆம் பின் என்எம்ஐ ஓர் இன்டரப்ட் பின், அதாவது ஓடும் நிரலை இடைமறிக்கும் பின். அது மிதந்தால், உயர்விலிருந்து தாழ்வுக்கு விழும் விளிம்பு தெரியும் போதெல்லாம் நிரல் எங்கோ குதிக்கும். 4-ஆம் பின் ஐஆர்க்யூ என்கிற இன்னொரு இன்டரப்ட் பின் இருக்கிறதே, அதுதான் இந்தக் கூட்டத்தில் பெரிய கள்ளன். ரீசெட் ஆனதும் ப்ராசஸர் இன்டரப்டைத் தானே அடைத்துவைக்கிறது. ஆகவே ஐஆர்க்யூ மிதந்தாலும் முதல் பத்துச் சோதனைகள் சுத்தமாக ஓடும். பல நாள் கழித்து நிரலில் முதல் முறையாக அந்த அடைப்பைத் திறக்கும் சிஎல்ஐ கட்டளை எழுதும்போது போர்டு சாகும். பழி நிரல்மேல் விழும். இந்த இரண்டுக்கும் தலா 3.3 கிலோஓம் புல்-அப் (5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்). 38-ஆம் பின் எஸ்ஓ, அதையும் மேலே கட்டுங்கள்.

1-ஆம் பின்னில் எதிர்மாறான ஆபத்து. என்மாஸ் என்கிற பழைய தயாரிப்பு முறையில் வந்த 6502-இல் அது தரை. டபிள்யூ65சி02எஸ்-இல் அது வெளியே ஓட்டும் பின். பழைய போர்டின் சாக்கெட்டில் புது சிப்பைச் செருகினால், ஓட்டுகிற ஒரு பின்னைத் தரையோடு கட்டிப்போட்ட மாதிரி. அந்தக் காலை சாக்கெட்டில் நுழைக்காமல் மடக்கி விட வேண்டும். கழற்றி விற்கப்படும் பழைய சிப்புகளில் மேலே அச்சடித்த பெயரை நம்பவும் முடியாது. தனியாக அதற்குப் போகும் மின்னோட்டத்தை அளந்தால் தெரிந்துவிடும்: 1 மெகாஹெர்ட்ஸில் சிமாஸ் முறையில் செய்த சிப் சில மில்லிஆம்பியர் குடிக்கும், என்மாஸ் அதைவிடப் பல மடங்கு குடித்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

மிதக்கும் பின்னைவிட விசித்திரமானது மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் சிப். 74எச்சி00 என்கிற லாஜிக் சிப்பின் 14-ஆம் காலில் 5 வோல்ட் வரவே இல்லை என்று வையுங்கள். அதன் உள்ளீட்டுக் கம்பிகளில் ஏதாவது ஒன்று உயர்ந்து நின்றால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக மின்சாரம் திருட்டுத்தனமாக ஏறி, சிப் ஓடும். எல்லா உள்ளீடும் ஒரே நேரத்தில் தாழும்போது மட்டும் விழுந்துவிடும். நாள் முழுக்க ஓடி, குறிப்பிட்ட ஓர் அட்ரஸில் மட்டும் சறுக்குகிற போர்டுகளுக்குப் பின்னால் இது இருப்பதுண்டு. மீட்டர் முனையை மின்தடத்திலோ சாக்கெட்டிலோ வைக்காமல் ஐசியின் காலிலேயே வைத்து அளந்தால் 5-க்குப் பதில் 4.3, 4.4 என்று காட்டும். அந்த அரை வோல்ட்டு குறைவு டயோடின் கையெழுத்து.

இதையெல்லாம் தவிர்க்க, சிப் எதுவும் செருகாத காலி சாக்கெட்டுகளோடுதான் முதல் மின்சாரம் கொடுக்க வேண்டும். மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய சப்ளை என்றால் 100 மில்லிஆம்பியரில் நிறுத்துங்கள். சாக்கெட் சாக்கெட்டாக அளக்கும்போது மூலைக்கு மூலை மின்சாரம் என்று கைப்பழக்கத்தில் போகாதீர்கள்: 28சி256 ரோம், 62256 ராம் இரண்டிலும் 28-இல் 5 வோல்ட், 14-இல் தரை; ப்ராசஸரில் 8-இல் 5 வோல்ட், 21-இல் தரை; 65சி22 என்கிற இடைமுகச் சிப்பில் 20-இல் 5 வோல்ட், 1-ஆம் பின் தரை. ஒவ்வொரு சிப்புக்கும் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, கால்கள் குட்டையாக, சிப்பை ஒட்டி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எட்டு ரெசிஸ்டர்

அதன் பிறகு பெரும்பாலானோர் ரோம், ராம், சீரியல் சிப் எல்லாவற்றையும் செருகி, டெர்மினலைத் திறந்துவைத்து, திரையில் ஓர் எழுத்து வருமா என்று காத்திருக்கிறார்கள். வராது. அந்த ஒரு எழுத்து வர இருபது விஷயம் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். வராதபோது இருபதில் எது தவறு என்று அந்த வெற்றுத் திரை சொல்லப் போவதில்லை. வீட்டுப் போர்டுக்கு முதல் இலக்காக டெர்மினலை வைப்பதைப் போல மோசமான யோசனை வேறில்லை என்றே சொல்வேன்.

முதல் இலக்கு, ப்ராசஸரைத் தனியாக ஓட விடுவது. ஒன்றுமே செய்யாதே என்கிற நோப் கட்டளையின் எண் 65சி02-க்குப் பதினாறடிமான எண்முறையில் ஈஏ. இருமத்தில் 11101010. டேட்டா கம்பிகளில் டி7, டி6, டி5, டி3, டி1 ஐந்தையும் தலா 1 கிலோஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும், டி4, டி2, டி0 மூன்றையும் தலா 1 கிலோஓம் வழியாகத் தரைக்கும் கட்டுங்கள். ரோம் இல்லை, ராம் இல்லை. ப்ராசஸர் எந்த அட்ரஸைப் படித்தாலும் “ஒன்றும் செய்யாதே, அடுத்ததைப் படி” என்றே பதில் வரும். ஏன் ரெசிஸ்டர், கம்பியாலேயே கட்டினால் என்ன என்று தோன்றும். இரைச்சலில் ஒரு என்எம்ஐ விழுந்தால் ப்ராசஸர் ஸ்டாக்கில் (திரும்பிவர வேண்டிய இடத்தைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதியில்) மூன்று பைட் எழுதப் பார்க்கும். அப்போது டேட்டா கம்பிகளை அது ஓட்டும். நேர்க்கம்பி என்றால் அந்த இடத்தில் ஷார்ட்.

நோப் ஒன்றுக்கு இரண்டு கிளாக். ஆக அட்ரஸ் இரண்டு கிளாக்குக்கு ஒன்று கூடும். 1 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் போட்டால் ஏ0 என்கிற முதல் அட்ரஸ் கம்பியில் 250 கிலோஹெர்ட்ஸ், ஏ1-இல் 125, இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து ஏ15-இல் வினாடிக்கு 7.6 முறை. ஏ15-இல் 2.2 கிலோஓமோடு ஓர் எல்இடி போட்டால் அது துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் காதை நம்பலாம்: ஒரு பீசோ தகட்டின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையை ஒரு 1 கிலோஓம் வழியாக ஏ8-இல் வையுங்கள். சுமார் 977 ஹெர்ட்ஸ் கேட்கும். ஏ9-க்கு நகர்த்தினால் 488, சரியாக ஒரு ஸ்தாயி கீழே. ஏ10-இல் இன்னொரு ஸ்தாயி. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் சால்டர் பாலத்தால் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டிலும் ஒரே கரகரப்புக் கேட்கும். மௌனமாக இருக்கும் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பதினாறு கம்பிகளில் காதுக்கு எட்டுகிறவற்றை இரண்டு நிமிடத்தில் இப்படிக் கேட்டு முடிக்கலாம்.

இசட்80 என்கிற வேறொரு ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அதில் நோப் என்றால் 00. எட்டு ரெசிஸ்டரும் தரைக்கு. ஒரு நோப்புக்கு நான்கு கிளாக், 4 மெகாஹெர்ட்ஸில் ஏ15 வினாடிக்கு 15 முறை துடிக்கும். கீழ் ஏழு அட்ரஸ் கம்பிகளில் குழப்பமான அலை தெரியும். டைனமிக் ராமைப் புதுப்பிக்கும் எண்ணை இசட்80 இடையிடையே அங்கே வைக்கிறது. பழுது என்று பயந்து போர்டைப் பிரித்துவிடாதீர்கள். அதிலும் வெயிட், பஸ்ரெக், என்எம்ஐ, இன்ட் நான்கையும் மேலே இழுத்துக் கட்ட வேண்டும். ஜைலாக் நிறுவனம் 2024-இல் பழைய இசட்80 சிப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்துக் கடைசி ஆர்டர்களை வாங்கிக்கொண்டது. இனி கைக்கு வருவதில் பெயர் மாற்றி அச்சடித்தவை கூடும். புதிதாக வாங்கிய சிப்பைச் சோதிக்கவும் இந்த எட்டு ரெசிஸ்டர் போதும்.

ஏ15 எல்இடி துடிக்கிறது. இப்போதுதான் விரலை எடுக்க வேண்டும். போர்டில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். ஆர்டிஒய்-ஐத் தொட்டால் துடிப்பு நிற்கிறதா? புல்-அப் வரவில்லை. ரீசெட் கம்பியருகே கையைக் கொண்டுபோனாலே எல்இடி ஒருமுறை தடுமாறுகிறதா? அங்கே 10 கிலோஓம் பற்றவில்லை, அல்லது ரீசெட் மெதுவாக ஏறி நடுவில் தயங்குகிறது. டிஎஸ்1813 மாதிரி ஒரு ரீசெட் சிப் போட்டால் தீரும். படிக்கும்போது உயர்ந்தும் எழுதும்போது தாழ்ந்தும் இருக்கும் ஆர்டபிள்யூ கம்பியில் ஒரு லாஜிக் புரோப் (உயர்வா தாழ்வா என்று காட்டும் கருவி) வையுங்கள். நோப் மட்டும் ஓடும்போது அது ஒருமுறைகூடத் தாழக்கூடாது. தாழ்ந்தால் என்எம்ஐ எங்கிருந்தோ இரைச்சலைக் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் ப்ராசஸர் ஈஏஈஏ என்கிற அட்ரஸுக்குத் திரும்ப ஓடும், ஏ15-இன் தாளம் சீர் கெடும். தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்தச் சிவப்புப் புள்ளி ஒரே தாளத்தில் துடிக்கும்வரை ரோமை எடுக்கவே கூடாது. அந்தத் துடிப்பைவிடத் திரையில் வரும் எழுத்தைப் பெரிதாகக் கொண்டாடுகிறவர்களைப் புரிந்துகொள்ள முடியவில்லை. எழுத்து வந்த போர்டும் கை பட்டால் சாகலாம், இது சாகாது.

ரோம், பிறகு ராம்

ரெசிஸ்டர்களைக் கழற்றி ரோம் செருகும்போது நிரல் மூன்றே பைட் இருக்கட்டும்: 8000-இல் 4சி 00 80. தன்னிடமே திரும்பத் தாவும் ஜம்ப். ரீசெட் ஆனதும் போக வேண்டிய அட்ரஸை எஃப்எஃப்எஃப்சி-யில் 00, எஃப்எஃப்எஃப்டி-யில் 80 என்று சின்னது முன்னால் வர எழுத வேண்டும். 32 கிலோபைட் கோப்பில் அவை 7எஃப்எஃப்சி, 7எஃப்எஃப்டி இடங்கள். இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். ஓடினால் ஏ15 எப்போதும் உயர்ந்தே நிற்கும், ஏ2 முதல் ஏ14 வரை அசைவில்லாமல் தாழ்ந்திருக்கும், ஏ0-வும் ஏ1-உம் மட்டும் துள்ளும். 28சி256 எழுதியதும் சரிபார்ப்பில் தோற்றால் சிப் செத்துவிட்டது என்று எறியாதீர்கள். முந்தைய உரிமையாளர் எழுத்துப் பூட்டைப் போட்டுவைத்திருக்கலாம். பூட்டைத் திறக்கும் வரிசை டேட்டாஷீட்டில் உண்டு, பெரும்பாலான புரோகிராமர்களில் அதற்கு ஒரு பொத்தானும் உண்டு.

ராமில்தான் நாம் முன்பு ஒத்திவைத்த நேரக்கணக்குக் கோளாறு காத்திருக்கிறது. நோப் சுத்தம், ஜம்ப் சுத்தம். சப்ரூட்டீன் போய்த் திரும்பும்போது மட்டும் நிரல் எங்கோ தொலைகிறது. ஆர்டபிள்யூ கம்பியில் விரலோ ஸ்கோப் முனையோ வைத்தால் சரியாகிறது. காரணம் இது: 65சி02-இல் ஒவ்வொரு சுற்றும் கிளாக் தாழ்ந்த பாதியில் தொடங்குகிறது. அந்தப் பாதியில் அட்ரஸ் கம்பிகள் மாறிக்கொண்டிருக்கும். ஆர்டபிள்யூவும் அப்போதே தாழும். ராமின் எழுது பின்னை ஆர்டபிள்யூவோடு நேராகக் கட்டிவிட்டால், அட்ரஸ் நிலைப்பதற்குள் ராம் எழுதத் தொடங்கி, வேறெங்கோ இருந்த ஒரு பைட்டையும் சேர்த்துக் கெடுக்கும். விரலின் கெபாசிட்டர் ஆர்டபிள்யூவைச் சில நானோவினாடி தாமதப்படுத்துகிறது, அதற்குள் அட்ரஸ் நிலைத்துவிடுகிறது, “ஓடுகிறது!” அங்கே நிரந்தரமாக ஒரு கெபாசிட்டர் ஒட்டிவிட்டு நகர்கிறவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த காலையில் ஓடி, சூடான மதியத்தில் விழும் போர்டு அப்படித்தான் பிறக்கிறது.

தீர்வு ஒரே ஒரு 74எச்சி00. அதில் இரண்டு உள்ளீடும் உயர்ந்தால் மட்டும் தாழும் நேண்ட் கேட் நான்கு உண்டு. முதல் கேட் ஏ15-ஐத் திருப்பி ரோமின் தேர்வுப் பின்னுக்கு. ஏ15 திருப்பாமல் நேராக ராமின் தேர்வுப் பின்னுக்கு. இரண்டாம் கேட் ஆர்டபிள்யூவைத் திருப்புகிறது. அது ரோம், ராம் இரண்டின் ஓஈ பின்னுக்கும் (வெளியீட்டைத் திறக்கும் பின்) போகும். தவறிப்போய் ரோம் பகுதியில் எழுதினாலும் இருவரும் ஒரே கம்பியை இழுத்துச் சண்டை போட மாட்டார்கள். மூன்றாம் கேட்டில் அந்தத் திருப்பிய ஆர்டபிள்யூவையும் கிளாக்கையும் சேர்த்து, வெளிவருவதை ராமின் எழுது பின்னுக்குக் கொடுங்கள்; கிளாக் உயர்ந்த பாதியில் மட்டுமே ராம் எழுதும். நான்காம் கேட்டுக்கு வேலை வரும்வரை 12, 13 கால்கள் தரைக்குப் போக வேண்டும். ப்ராசஸர் பழைய என்மாஸ் ரகம் என்றால் எச்சி-க்குப் பதில் 74எச்சிடி00 போடுங்கள். என்மாஸ் உறுதியாகத் தரும் உயர்நிலை 2.4 வோல்ட்தான், எச்சி கேட்பது 3.5, எச்சிடி-க்கு 2 வோல்ட் போதும்.

ராமைச் சோதிக்கும் நிரல் ஸ்டாக்கைத் தொடக்கூடாது, எல்லாம் ரெஜிஸ்டர்களிலேயே நடக்க வேண்டும். 55, ஏஏ என்று எங்கும் ஒரே எண்ணை எழுதிப் படிப்பதில் பயனில்லை. அட்ரஸ் கம்பி ஒன்று அறுந்திருந்தாலும் அது தேறிவிடும். அட்ரஸின் மேல், கீழ் பைட்களைக் கலந்து அந்தந்த இடத்துக்கு ஓர் எண் எழுதிவிட்டு, முழுதும் முடிந்த பிறகு படியுங்கள். ஒரு சலுகை உண்டு: ராமின் டேட்டா கம்பிகளைத் தமக்குள் மாற்றி இணைத்தாலும் கெட்டுப்போகாது, எழுதிய குழப்பத்திலேயே படிக்கும். ரோமுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சீரியல் கடைசி. டபிள்யூ65சி51என் சிப்பில் எழுத்து போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும் பிட் எப்போதும் ஒன்றாகவே நிற்கும். அதை நம்பினால் எழுத்துகள் விழுங்கப்படும். 19200 வேகத்தில் ஓர் எழுத்துக்குச் சுமார் 521 மைக்ரோவினாடி, 1 மெகாஹெர்ட்ஸில் 521 கிளாக். அதைவிடச் சற்று அதிகமாக நிரலிலேயே காத்திருக்க வைக்க வேண்டும். அனுப்பலாமா என்று மறுமுனை சொல்லும் சிடிஎஸ் பின்னைத் தரையில் கட்ட மறந்தால் அனுப்புவதே அடைபட்டுவிடும், அங்கேயும் விரல் வைத்தால் எழுத்து வரும். எல்லாம் முடிந்ததும் விரலோடு போர்டை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். அந்தச் சிப்பை ஒட்டி நிற்கும் 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் கால்களைத் தொட்டால் மட்டும் சீரியல் நின்றுபோகும். அதை விட்டுவிடுங்கள், அது எல்லாக் கிரிஸ்டலுக்கும் உள்ள கூச்சம்.